காலி வீதிக்கு எது முதலில்: மேம்பாலமா, மரைன் டிரைவ் நீட்சியா, பஸ் தடமா?

கொழும்பில் பம்பலப்பிட்டியிலிருந்து தெற்கே கல்கிஸ்ஸை வரையான காலி வீதியின் நெரிசலைப் பற்றிப் பேச்சு வந்தாலே மூன்று யோசனைகள் வரும். சந்திகளில் மேம்பாலம் கட்டுவது, காலி வீதிக்குச் சமாந்தரமாகக் கடலோரம் போகும் மரைன் டிரைவைத் தெஹிவளைக்கு அப்பால் நீட்டுவது, இருக்கிற வீதியிலேயே பஸ்ஸுக்கு ஒரு தடத்தை ஒதுக்குவது. கரையோர ரயில் நான்காவது. அதை வீதித் திட்டமாக யாரும் எண்ணுவதில்லை, ஆனால் எண்ண வேண்டும். வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்கு இதில் ஒரு பக்கம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பஸ் தடம்தான் முதலில் வர வேண்டும். காசு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

மேம்பாலம் எல்லோருக்கும் பிடித்த வேலை. கட்டி முடித்தால் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா வைக்கலாம். இராஜகிரிய மேம்பாலம் 2018 ஜனவரியில் திறந்தபோது அந்தச் சந்தியைக் கடப்பது உண்மையிலேயே இலகுவானது. ஆனால் காலி வீதியின் கஷ்டம் ஒரு சந்தியில் இல்லை. வெள்ளவத்தையில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஒழுங்கை வந்து சேருகிறது, ஒவ்வொரு ஒழுங்கையிலும் அடுக்குமாடிகள் எழும்பியிருக்கின்றன. அந்த வாகனங்கள் எல்லாம் இறங்குவது இதே வீதியில்தான். ஒரு சந்திக்கு மேலால் பாலம் போட்டால் அடுத்த சிக்னலுக்குச் சீக்கிரம் போய் அங்கே நிற்போம், அவ்வளவுதான்.

இப்படியான வேலைகளுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடன்தான் கைகொடுத்திருக்கிறது. அதைத் திருப்பிக் கட்டுவது வெளிநாட்டு நாணயத்தில், வீதியோ டொலர் உழைத்துத் தராது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிவிட்டது. அந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்த பிறகு, கடனில் நடந்த பல வேலைகள் பாதியில் நின்றன.

மலிவான கடன் கிடைத்தால் பிரச்சினை தீருமா? மாலபே இலகு ரயிலுக்கு ஜப்பான் கொடுக்க வந்தது 0.1 வீத வட்டியில், 40 வருடத் தவணையில், முதல் 12 வருடச் சலுகைக் காலத்தோடு. அதைவிட மலிவாகக் கேட்க முடியாது. 2019இல் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது, 2020 செப்டம்பரில் அடுத்த அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. கோட்டைக்கும் மாலபேக்கும் இடையில் சுமார் 16 கிலோமீட்டர் தூரம் ஓடவேண்டிய ரயில் அது. அந்தப் பாதை ஆட்கள் இன்றைக்கும் பஸ்ஸில்தான் தொங்குகிறார்கள். ஆட்சி மாறினாலும் தாக்குப்பிடிக்கும் திட்டமா என்பதை வட்டி வீதத்துக்கு முன்னமே கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

மரைன் டிரைவ் நீட்சி மேம்பாலத்தைவிட நல்ல யோசனை. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை இருக்கிற பகுதி இல்லாவிட்டால் காலி வீதி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தெஹிவளைக்கு அப்பால் போக ரயில் பாதையை ஒட்டிய காணி வேண்டும். வீடுகள், ஹோட்டல்கள், சின்னக் கடைகள் எல்லாம் அந்த வரிசையில் இருக்கின்றன. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அரசாங்கம் எடுக்கலாம், ஆனால் நட்டஈட்டுக் கணக்கு சுலபத்தில் முடிகிற ஒன்றல்ல. வீட்டை இழக்கிறவருக்கு உரிய நேரத்தில் காசு போய்ச் சேரும் என்ற உறுதி இல்லாமல் இதைத் தொடங்குவது அநியாயம்.

சரி, பஸ் தடம். பெயின்ட், பலகை, கமரா, பொலிஸ்: இதற்குப் பெரிய கடன் தேவையில்லை. வீதியில் ஓடும் வாகனங்களில் பஸ்கள் சிறு பங்குதான், ஆட்களில் பெரும்பங்கை ஏற்றிப்போவது அவைதான். 100ஆம், 101ஆம் இலக்க பஸ்களில் காலையில் நிற்கிறவர்களை எண்ணினாலே போதும்.

ஆனால் இது புதிய யோசனை இல்லை. 2017இல் இராஜகிரியப் பக்கம் பரீட்சார்த்தமாகச் செய்தார்கள். 2020 செப்டம்பரில் காலி வீதி உட்பட முக்கிய வீதிகளில் எந்த வாகனம் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்ற விதியைப் பொலிஸ் கொண்டுவந்தது. முச்சக்கர வண்டியையும் மோட்டார் சைக்கிளையும் முதலில் பஸ்ஸோடு ஒரே தடத்தில் போகச் சொன்னார்கள், அப்புறம் மாற்றினார்கள். பொலிஸ்காரர் நின்றால் நடந்தது, போனதும் கலைந்தது.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. பல தனியார் பஸ்களில் சாரதிக்கும் நடத்துநருக்கும் அன்றைய வருமானம் அன்றைய வசூலில்தான். அதனால் தரிப்பிடத்தில் ஆள் சேரும்வரை நிற்கிறார்கள், பின்னால் வேறு பஸ் வந்துவிட்டால் ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள். தனித் தடத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டால் பின்னால் வருவதெல்லாம் நிற்க வேண்டியதுதான். மாதச் சம்பளம், ஒரே நேரசூசி, எல்லா பஸ்களின் வசூலையும் ஒன்றாகச் சேர்க்கும் பொது வசூல் ஆகியவை இல்லாத பஸ் தடம் வெறும் கோடு. சாரதிகளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, அவர்கள் பிழைப்பை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

இதற்கான காசை வீதியோரத் தரிப்புக் கட்டணத்திலிருந்து எடுக்கலாம் என்பது என் வாதம். ரூபாயில் வரும் வருமானம், ரூபாயில் போகும் செலவு. சிக்கல் அதிகார எல்லையில். காலி வீதியை வைத்திருப்பது வீதி அபிவிருத்தி அதிகார சபை, தரிப்புக் கட்டணம் மாநகர சபையுடையது, மாகாணத்துக்குள் ஓடும் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்குள் போனால் மாநகர சபையும் கொழும்பிலிருந்து தெஹிவளை-கல்கிஸ்ஸை என்று மாறிவிடும். சேரும் காசு இந்த வீதிக்கே திரும்பி வரும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் அது பொதுக் கணக்கில் கரைந்துபோகும்.

ரயில் பற்றிச் சுருக்கமாக. பாதை இருக்கிறது, புதிய காணி வேண்டாம். மின்மயமாக்கல் நீண்டகால வேலை, அதற்குக் கடன் வாங்கினாலும் நியாயம். ஆனால் காலி வீதியிலிருந்து நிலையத்துக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒழுங்கான நடைபாதை போடுவதற்கு யாரிடமும் கடன் வாங்கத் தேவையில்லை.

பஸ் தடத்துக்கு உரத்த எதிர்ப்பு வெள்ளவத்தைப் புடவைக் கடை, நகைக்கடைக்காரரிடமிருந்து வரும். வாசலில் கார் நிற்காவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது, அதை அலட்சியம் செய்யக்கூடாது. ஒழுங்கைகளுக்குள் தரிப்பிடம் எங்கே, லொறி பொருள் இறக்குவது இரவு எத்தனை மணிக்குப் பிறகு என்பதை முதல் கோடு போடுவதற்கு முன் அவர்களோடு இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டும்.