லீவைஸா, ராங்லரா? அதிகம் செலவில்லாத பழைய பாணி ஜீன்ஸ்

கிளாசிக் ஜீன்ஸ் கேட்டால் முட்டியில் கிழித்தது, தொடையில் வெளுக்க வைத்தது எல்லாவற்றையும் எடுத்துப் போடுகிறார்கள். நான் சொல்வது அதுவல்ல. அடர்நீலம், நேராக இறங்கும் கால், ஐந்து பாக்கெட், அவ்வளவுதான். இதை அதிகம் செலவில்லாமல் தேடினால் கடைசியில் மூன்று மிஞ்சும்: லீவைஸ் 501, அதே நிறுவனத்தின் 505, ராங்லர் 13எம்டபிள்யூஇசட்.

501க்கு வம்சப் பெருமை உண்டு. பாக்கெட் முனைகள் பிய்ந்துபோகாமல் இருக்க ரிவெட் (சிறு உலோக ஆணி) அடிக்கும் முறைக்கு ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை பெற்றது 1873இல். அந்த வழியில் வந்ததுதான் இது. முன்பக்கம் ஜிப் கிடையாது, பட்டன்கள். புதிதில் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அவசரத்துக்கு ஆகாது! ஆனால் போட்டு நின்றால் அழகு. சிக்கல், மூன்றில் பொதுவாக இதற்குத்தான் விலை கூடுதல். தள்ளுபடியில் கிடைத்தாலும் லேபிளைப் படியுங்கள். ‘ஷ்ரிங்க் டு ஃபிட்’ என்றிருந்தால் முன்கூட்டியே சுருக்காத துணி. அதற்கான அளவு அட்டவணையைப் பார்க்காமல் வழக்கமான அளவில் எடுத்தால், முதல் துவையலோடு தம்பிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

1967இல் வந்த 505இல் ஜிப் இருக்கிறது, தொடையில் கொஞ்சம் இடம் கிடைக்கும். சௌகரியம்தான். ஆனால் பல நிறங்களில் எலாஸ்டேன் கலந்த துணி வருகிறது. அப்படி இழுபடும் ஜீன்ஸ் ஒன்றை (வேறு பிராண்டு) வாங்கி, சில மாதங்களில் முட்டி இரண்டும் பை போலத் தொங்கியதைப் பார்த்தவன் நான். 505 எடுத்தால் முழுக் காட்டனாகப் பார்த்து எடுங்கள்.

ராங்லர் 1947இல் வந்தது, ரோடியோ எனும் அமெரிக்கக் குதிரையேற்றப் போட்டி வீரர்களுக்காக. எண்ணில் உள்ள 13 என்பது பதின்மூன்றாவது மாதிரி. மற்ற எழுத்துகள் ஆண்களுக்கானது, வெஸ்டர்ன் பாணி, ஜிப் வைத்தது என்பதன் சுருக்கம். சேணத்தைக் கீறாமலிருக்க ரிவெட்டுகள் தட்டை. குதிரையில் உட்காரும்போது உறுத்தாதபடி பின் பாக்கெட்டுகள் சற்று மேலே. நமக்குக் குதிரை இல்லை, சரி. துணிதான் விஷயம். சாதாரண டெனிமில் சாய்வுக் கோடு ஒரே பக்கமாக ஓடும். துவைக்கத் துவைக்கக் கால் முறுக்கிக்கொண்டு, பக்கவாட்டுத் தையல் முன்னால் வந்துவிடும். 1964இல் ராங்லர் கொண்டுவந்த ‘புரோக்கன் ட்வில்’ நெசவில் சாய்வு இடமும் வலமுமாக மாறி மாறி வருவதால் அந்த இழுப்பு அடங்கிவிடுகிறது. சதுர கெஜத்துக்கு 14.75 அவுன்ஸ் கனம், முழுக் காட்டன். அப்படியிருந்தும் 501ஐவிடப் பெரும்பாலும் விலை குறைவு.

குறை இல்லாமல் இல்லை. இடுப்பு உயரம், தொப்புளை எட்டும். முதல் சில வாரங்கள் அட்டை போல விறைத்து நிற்கும். பின் பாக்கெட்டின் ‘டபிள்யூ’ தையல் சிலருக்குப் பிடிக்காது. இது விற்கும் ‘கௌபாய் கட்’ என்ற பெயரிலேயே இழுபடும் துணியும் வருகிறது, 13எம்டபிள்யூஇசட் என்ற எண்ணைச் சரிபார்த்து எடுங்கள்.

என் ஓட்டு ராங்லருக்கு. உயர்ந்த இடுப்பு ஒத்துவராதவர்கள் 501 தள்ளுபடியில் வரும்வரை காத்திருக்கலாம். எதை எடுத்தாலும் இரண்டு முறை துவைத்த பிறகு நீளத்தை வெட்டித் தைக்கக் கொடுங்கள்.