வேர் அடைத்துவிட்டது என்று சொல்லி மரத்தை வெட்டச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். குறிப்பாக, பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்க, வயதான பெற்றோர் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள். சாக்கடைக் குழாயில் மர வேர் புகுந்துவிட்டது என்று சொல்லி எங்கள் அம்மாவிடம் ஒரு கூட்டம் 55,000 ரூபாயைக் கறந்துகொண்டு போயிருக்கிறது. அப்பாரு (தாத்தா) வைத்த வேப்ப மரத்தையும் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அடைப்பு ஐப்பசி மழைக்குள் திரும்பி வந்துவிட்டது.

வீடு 1980-களின் தொடக்கத்தில் கட்டியது. பின்கட்டில் கழிவறை, வாசல் பக்கம் செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே சுமார் நாற்பதடி தூரம் மண்ணுக்குள் குழாய் போகிறது. அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் மெருகேற்றிய சுட்ட மண் குழாய்தான். மேஸ்திரிகள் ஸ்டோன்வேர் பைப் என்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டடி, மிஞ்சினால் மூன்றடி நீளம். ஒன்றின் வாயில் மற்றொன்றைச் செருகி, இடுக்கில் சணல் திணித்து, மேலே சிமெண்ட் கலவை பூசியிருப்பார்கள். ஆக, நாற்பதடிக்குள் இருபது இணைப்புகள். வேர் விவகாரம் முழுவதும் இந்த இணைப்புகளில்தான் இருக்கிறது. வந்தவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மறைத்ததும் இதைத்தான்.

கழிவறையில் தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றதால், மின்கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து அம்மா அழைத்திருக்கிறார். தொலைபேசியில் சொன்ன கூலி 1,500 ரூபாய். ஸ்பிரிங் கம்பி இயந்திரத்தை உள்ளே விட்டுச் சுழற்றினார்கள், நுனியில் கொஞ்சம் வேர்த்துண்டுகள் வந்தன. உடனே, கேமரா விட்டுப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று தனியாக 3,000 ரூபாய் கேட்டார்கள். கேமராவை இறக்கினார்கள். சற்று நேரம் கழித்து அம்மாவின் கைபேசிக்கு ஒரு காணொளியை அனுப்பினார்கள். குழாய் முழுவதும் வேர் மண்டி, ஒரு பக்கம் நொறுங்கிக் கிடந்தது. “மரத்தை எடுக்காவிட்டால் அடுத்த மழைக்குச் சுவரே விரிந்துவிடுமுங்க அம்மா” என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அங்கிருந்தபடியே மர வியாபாரியை அழைத்துவிட்டார். அம்மா என்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றபோது, “பிள்ளைகளை எதற்குத் தொந்தரவு செய்கிறீர்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம்” என்று தடுத்திருக்கிறார்கள்.

குழாய் மாற்ற 38,000, அமிலமும் வேர்க்கொல்லி மருந்தும் 4,500, மரம் வெட்டும் கூலி 8,000. வேப்ப மரத்துக்கு நம் ஊரில் நல்ல விலை உண்டு. கட்டையை எடுத்துக்கொண்டு போகிறவர்தான் மரத்துக்காரருக்குப் பணம் கொடுப்பது வழக்கம். இங்கே கட்டையும் அவர்களுக்கு, கூலியும் அவர்களுக்கு. ரசீது கேட்டால் 18 சதவீதம் வரி சேரும் என்று சொல்லி அதையும் தவிர்த்துவிட்டார்கள். பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் வீதி முழுவதும் வேப்பிலை ஒடித்துக்கொண்டு போனது அந்த மரத்தில்தான்.

அடைப்பு திரும்பியதும் அந்த எண்ணை அழைத்தால் எடுக்கவே இல்லை. பிறகு எங்கள் பகுதியில் நெடுநாளாகக் கட்டட வேலை செய்யும் ஒரு மேஸ்திரி அண்ணனை வரவழைத்தோம். அவர் மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே அந்தக் காணொளியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பார்த்தவுடன், “இது உங்கள் வீட்டுக் குழாயே இல்லையே” என்றார். காணொளியில் இருந்தது வெள்ளை பிளாஸ்டிக் குழாய். வழவழப்பாக, இணைப்பே இல்லாமல் நீளமாகப் போகிறது. எங்களுடையது செம்பழுப்பு நிற மண் குழாய், இரண்டடிக்கு ஒரு வளையம் தெரிய வேண்டும். அதைவிடப் பெரிய சான்று திரையின் மூலையில் இருந்தது. இந்தக் கேமராக்களில் கம்பி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று மீட்டர் எண் ஓடும். நொறுங்கிய இடத்தில் அந்த எண் 23 என்று காட்டியது. எங்கள் குழாயின் மொத்த நீளமே 12 மீட்டர்தான். கேமரா தொட்டியைத் துளைத்து, வீதியைத் தாண்டி, எதிர்வீட்டுக்குள் போயிருந்தால்தான் 23 வரும்.

பிறகு தோண்டினோம். மாற்றியதாகச் சொன்ன நாற்பதடியில் சேம்பரை (குழாயைத் திறந்து பார்க்க வைக்கும் சிறு தொட்டியை) ஒட்டிப் பத்தடி மட்டுமே புதிய குழாய். அதுவும் மாடியிலிருந்து மழைநீர் இறக்கப் பயன்படுத்தும் மெல்லிய குழாய். மண்ணின் பாரத்தில் நடுவே தட்டையாகிக் கிடந்தது. பழைய மண் குழாயோடு அதைச் சேர்த்த இடத்தில் சாக்குத் துணியைச் சுற்றிச் சிமெண்ட் அப்பியிருந்தார்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் சிமெண்ட் ஒட்டாது. காய்ந்ததும் விலகி இடைவெளி விடும். தெரிந்தவர்கள் இதற்கென்று இருக்கும் ரப்பர் இணைப்பைப் போடுவார்கள். சேம்பர் சுவரில் பதிக்கும்போதுகூடக் குழாயின் மேல் பசையைத் தடவி, மணலைத் தூவி, சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் பூசுவார்கள். இவர்கள் எதையும் செய்யவில்லை. பழைய அடைப்பு இருந்த இடத்தில் புதிதாக ஒரு ஓட்டையைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மீதி முப்பதடியில் அண்ணன் ஒரு குழாயைத் தூக்கிக் காட்டினார். இணைப்பின் மேலேயும் பக்கங்களிலும் சிமெண்ட் இருந்தது. அடியில் இல்லை. கட்டிய காலத்தில் கை போகாத இடம் என்று விட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கில் பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு வேர் தகடாக நசுங்கி நுழைந்திருந்தது. உள்ளே போனதும் எண்ண முடியாத மெல்லிய இழைகளாகப் பிரிந்து, குழாயின் உருண்டை வடிவத்திலேயே ஒரு முழ நீளம் வளர்ந்திருந்தது. இழுத்தபோது மொத்தமாக உருவிக்கொண்டு வந்தது. உள்ளே சோப்புக் கசடும் துணி நூலும் கறுத்துப் போய்ச் சிக்கியிருந்தன. குழாயில் ஒரு கீறல்கூட இல்லை.

இதைத்தான் ஊரில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். இறுக்கமாக இருக்கும் குழாயை வேர் துளைப்பதில்லை. கசியும் இணைப்பைச் சுற்றி மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அந்த ஈரத்தில் சத்தும் இருக்கும். வேர் அந்தப் பக்கம் வளர்ந்து, இருக்கும் இடுக்கில் நுழைகிறது. நம்முடையது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேல மரம்கூடச் சுக்காம்பாறை இடுக்கில் ஈரம் தேடிப் பிழைக்கும் பூமி. சித்திரை வெயிலில் வீட்டைச் சுற்றி ஈரம் இருக்கும் ஒரே இடம் கசியும் குழாய் என்றால், மரம் அங்கேதான் போகும். நுழைந்த வேரைப் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால், பருத்து இணைப்பை விரிக்கும், குழாயைப் பிளக்கவும் செய்யும் என்பது உண்மை. ஆனால் முதல் வழியைக் கசிவுதான் திறந்துவிடுகிறது. அதை அடைக்காமல் வேரை மட்டும் வெட்டினால், கவாத்து செய்த செடி போல வெட்டுவாயிலிருந்து இன்னும் அடர்த்தியாகக் கிளைக்கும்.

மரத்தை வெட்டினாலும் கதை உடனே முடிவதில்லை. வேம்பு அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழையும் மரம். எங்கள் வீட்டு அடிக்கட்டையில் இப்போது இளங்கொம்புகள் இடுப்புயரம் வந்துவிட்டன. அதாவது வேர் உயிரோடு இருக்கிறது. 8,000 ரூபாய்க் கூலிக்கு நடந்தது இதுதான்.

இதே ஆட்கள் பக்கத்து வீதியில் ஒரு பாட்டியிடம், தென்னை வேர் குழாயை உடைத்துவிட்டது என்று சொல்லிக் காய்ப்பில் இருக்கும் இரண்டு மரங்களை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளையாக அந்தப் பாட்டி மறுத்துவிட்டார். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அதன் வேர் ஏறக்குறைய விரல் தடிமனோடு நின்றுவிடும், வேம்பைப் போலவோ அரசைப் போலவோ ஆண்டுக்கு ஆண்டு பருக்காது. இடுக்கில் நுழைந்து அடைக்கும், உண்மை. குழாயைப் பருத்துப் பிளக்காது. ஆல், அரசு, அத்தி வகைகளைத்தான் குழாய்ப் பக்கம் வைக்கவே கூடாது.

அமிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிரே போயிருக்கும். அவர்கள் ஊற்றியது வேரை ஒன்றும் செய்யவில்லை, இணைப்பில் இருந்த பழைய சிமெண்டைத்தான் அரித்தது. கசடைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் அதில் அழிந்துவிடும். வேர்க்கொல்லியாகப் போடும் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) ஏறக்குறைய அப்படித்தான். பட்ட இடத்து வேரைக் கொல்லும், ஆனால் தண்ணீரோடு ஓடித் தொட்டிக்குள் போய் அங்கும் நுண்ணுயிர்களைக் கெடுக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, தொட்டியில் தேங்கிய கசடோடு அமிலம் சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புவது. செறிவு கூடினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். அமிலத்தை ஊற்றிவிட்டு, தொட்டி வாயில் சிக்கிய வேரை எடுக்க இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையனை வெறும் உடம்போடு உள்ளே இறக்கப் பார்த்திருக்கிறார்கள். அம்மா மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு விடவே இல்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தும் எவருக்கும் இது பொருந்தும், வீட்டுக்காரருக்கும்தான். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் உரிமம் பெற்ற உறிஞ்சு லாரியை வரவழையுங்கள். 14420 என்ற உதவி எண் இருக்கிறது.

மேஸ்திரி அண்ணன் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பழைய குழாய் முழுவதையும் எடுத்துவிட்டு, பூமிக்கு அடியில் பதிப்பதற்கென்றே வரும் கனமான குழாயைப் போட்டார். அதில் ஐ.எஸ். 15328 என்று இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கும், வாங்கும்போதே பாருங்கள். ஐ.எஸ். 13592 என்று இருந்தால் அது கட்டடத்தின் உள்ளேயும் வெளிச்சுவரிலும் போடும் குழாய். அதிலும் ஏ வகை மழைநீருக்கும் காற்றுப் போக்கிக்கும் உரியது, எங்கள் வீட்டில் புதைத்திருந்தது அதுதான். பள்ளத்தின் அடியில் கல் உறுத்தாமல் மணல் பரப்பினார். நான்கு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் (சரிவு) விட்டார். மண்ணைத் தள்ளுவதற்கு முன் கீழ்வாயை அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இறங்கவில்லை. அதன் பிறகுதான் மூடினார். இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்ய மறுப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். மூடிய பிறகு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

இயந்திரம் விட்டு வேரை அறுப்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. அவசரத்துக்குத் தண்ணீர் இறங்க அது உதவும். இது தற்காலிகம்தான், இணைப்பைச் சரிசெய்யாவிட்டால் திரும்ப வரும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அதற்குரிய கூலியை மட்டும் வாங்குபவர் நேர்மையானவர். கேமரா விடுவதும் நல்லதுதான். ஆனால் கேமரா உள்ளே இறங்கும்போதே பக்கத்தில் நின்று திரையைப் பாருங்கள். உங்கள் சேம்பர் மூடியிலிருந்து தொடங்கி, இடையில் வெட்டாமல் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ரசீது இல்லை என்பதால் நாங்கள் விட்டுவிடவில்லை. அம்மா பணத்தை யு.பி.ஐ. வழியாக அனுப்பியிருந்தார், அதுவே சான்று. குழாயின் படங்கள், காணொளி, மேஸ்திரி அண்ணன் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழி கேட்க 1915 என்ற எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மனு போன செய்தி தெரிந்ததும், இத்தனை நாள் எடுக்காத அந்த எண்ணிலிருந்தே அம்மாவுக்கு அழைப்பு வந்தது. பாதிப் பணம் தருகிறோம், மனுவைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். முழுப் பணத்தையும் மரத்தின் விலையையும் ஆணையத்தின் முன்னால் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அம்மா வைத்துவிட்டார். நம் வட்டாரத்தில் உங்களுக்கும் இப்படி ஒரு காணொளியைக் காட்டியிருந்தால் அழித்துவிடாதீர்கள். வெள்ளைக் குழாய், நொறுங்கிய இடத்தில் 23 என்ற எண், இந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்குத் தெரிவியுங்கள். விசாரணைக்கு முன் உங்கள் பதிவையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.