சுங்கை சிப்புட்டில் காரை நிறுத்தினால் எந்தக் கடை?

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குக் காரில் போகிறவர்கள் இப்போதெல்லாம் நெடுஞ்சாலை ஓய்விடத்திலேயே சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்த பிறகு, பழைய ஒன்றாம் எண் சாலையோரத்து ஊர்களுக்கு வழிப்போக்கர் வரத்து குறைந்துவிட்டது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் அந்த வரிசையில் ஒன்று. ஈப்போவில் இறங்கி, காந்தான் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டிப் பழைய சாலையிலேயே வந்து சாப்பிட்டுவிட்டு, கோலகங்சாரில் மறுபடி நெடுஞ்சாலையில் ஏறிக்கொள்ளலாம். கொஞ்சம் நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் ஓய்விடத்து ஆறிப்போன மீ கோரிங்கை நினைத்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

சரி, ஊருக்குள் வந்தாயிற்று. எங்கே உட்காருவது? போட்டியில் இருப்பவை மூன்று: காலையில் மட்டும் நடக்கும் தமிழ்க் குடும்பத்து ஒட்டுக்கடை (சாலையோர மேசைக் கடை), மதியத்து வாழை இலைக் கடை, எப்போது போனாலும் திறந்திருக்கும் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம்கள் நடத்துவது). சீனர் கோப்பிக் கடையும் மலாய்க்காரர் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) மேசையும் ஓரமாக வந்துபோகும். கடைப் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி ஊர்களில் சமைக்கிற கை மாறினால், பெயர்ப்பலகை மாறாமலே கடை மாறிவிடும். அதனால் கடைக்குள் நுழைந்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் உபயோகம்.

யாரைக் கேட்டாலும் முதலில் கைகாட்டுவது வாழை இலைக் கடையைத்தான். இலை போட்டதும் மூன்று காய்கறி, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். அப்புறம் சோறு. வாளியோடு வருபவர் "கோழிக் குழம்பா, மீன் குழம்பா, பருப்பா?" என்று கேட்பார். "மூணும் கலந்து" என்று சொல்கிற ஆசாமியும் நம்மிடையே உண்டு. அவரைத் திருத்த முடியாது. கோழிப் பெரட்டல், ஆட்டுக்கறி, பொரித்த மீன், கணவாய் எல்லாம் தட்டில் வைத்து மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். விலையைக் கேட்காமல் தலையாட்டினால் பில் வரும்போது முகம் மாறும்.

இந்தக் கடையை எடைபோட எனக்கு இரண்டே அளவுகோல். முதலாவது பெரட்டல். மசாலா சுண்டி எலும்போடு ஒட்டியிருக்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருக்க வேண்டும். தட்டைச் சாய்த்தால் குழம்பு ஓடுகிறது என்றால், அது கோழிக் கறிக்குப் பெரட்டல் என்று பெயர் வைத்தது. இரண்டாவது ரசம். சூடாக, தனிக் குவளையில், மிளகு அடியில் தங்கியிருக்க வந்தால் சமையலறையில் இன்னும் அக்கறை இருக்கிறது என்று அர்த்தம். காய்கறியைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை போவது நல்லது. நம்மவர்களில் பலர் அன்று சைவம் என்பதால் பொரியல், கூட்டு வகைகளில் கொஞ்சம் கூடுதல் கவனம் இருக்கும்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நகரத்துக் கடைகளைப் பார்த்து இங்கேயும் சிலர் இந்த இலைச் சாப்பாட்டைத் 'தோட்டத்துச் சமையல்' என்கிறார்கள். தோட்டத்தில் இலை விரித்தது கல்யாணத்துக்கும் சடங்குக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும்தான். மற்ற நாளில் லயத்து வீட்டுச் சாப்பாடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுச் சாப்பாடு என்றால் சோறு, ஒரு குழம்பு, வீட்டுக்குப் பின்னால் நின்ற முருங்கையிலிருந்து ஒடித்த கீரை, கருவாடோ நெத்திலியோ கொஞ்சம். கோழி அடித்தால் அன்று யாரோ வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்கே தெரிந்துவிடும். ஐந்து வகைப் பொரியலும் வறுவலுமாக இலை நிறைவது விருந்து. விருந்து நல்லதுதான்; ஆனால் மனசுக்கு இதமான சாப்பாடு என்று தேடி வந்தவருக்கு அது சரியான விலாசம் இல்லை.

காரோட்டிக்கு இன்னொரு சங்கடம். சோறு மறுபடி மறுபடி வரும், வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. இரண்டாம் சோற்றுக்கு மோரும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மதிய வெயிலில் தைப்பிங்கைத் தாண்டி புக்கிட் மேரா ஏரிப் பக்கம் போகும்போது கண் தானாகச் செருகும். காரில் மாற்றி ஓட்ட ஆள் இருந்தால் மட்டுமே இலையில் உட்காருங்கள்.

ஒட்டுக்கடைக்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான்.

சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு வளர்ந்த ஊர். 1948 ஜூனில் இங்கே தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்ததும் இங்கேதான். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அப்படியும் பல இடங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் பட்டணத்து ஓரத்துக்கு வந்து சேர்ந்தன. வந்தவர்களில் எத்தனையோ பெண்களுக்குக் கைவசம் இருந்த தொழில் பால் வெட்டுவதும் சமைப்பதும். முதலாவதற்கு இங்கே வேலையில்லை. வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் மேசை போட்ட கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அந்தக் கடைகளின் நேரத்தைக் கவனித்தாலே தோட்டம் தெரியும். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர்ப் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், வெளிச்சம் வருவதற்குள் மரத்தடியில் நிற்பார்கள். அதற்கும் முன்னே எழுந்து அடுப்பு மூட்டிய கைகள் இன்றும் அந்த நேரத்துக்கே மூட்டுகின்றன. ஆறு, ஆறரைக்கே எல்லாம் தயாராக இருக்கும். பத்து மணிக்கு நீங்கள் போய் நின்றால் காலிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

தோசை, இட்டலி, தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் வைத்த புட்டு மயம் (இடியாப்பம்), மசால் வடை, நாசி லெமாக் பொட்டலம். சில மேசைகளில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் கிழங்கைத் தின்றே நாளைக் கடத்திய தலைமுறை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பேரப்பிள்ளைகள் ஆசையாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

நாசி லெமாக்கில் தமிழர் கைக்கும் மலாய்க்காரர் கைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே காலையில் இரண்டையும் வாங்கிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். சோறு விஷயத்தில் மலாய்க்கார அக்காவின் மேசைக்கே முதலிடம். தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் ஏறிய மணம், ஒட்டாமல் உதிரும் பதம், இதெல்லாம் நம்ம கடைகளில் எப்போதாவதுதான் அமைகிறது. சம்பலில் நிலைமை தலைகீழ். அவர்கள் சம்பலில் இனிப்பு முன்னால் வந்து நிற்கும். நம்மவர்கள் வெங்காயத்தை நன்றாக வதக்கி, மிளகாயைத் தாராளமாகப் போட்டு, புளியும் தூக்கலாக வைப்பார்கள். "அக்கா, சம்பல் கொஞ்சம் கூட வைங்க" என்றால், "காரம் தாங்குவியாப்பா? காடியில போற பிள்ள" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி போடுவார்கள். அந்தச் சம்பலைத் தோசையோடு சாப்பிடலாம், கிழங்கோடு சாப்பிடலாம், வெறும் ரொட்டியோடும் சாப்பிடலாம். நெத்திலியும் மிளகாயும் கிடைத்தால் எதையும் சாப்பாடாக்கிவிட முடியும் என்று வாழ்ந்த வீட்டின் ருசி அது. இலைக் கடையின் பெரட்டல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை ஈடுகட்டாது.

செலவும் கையைக் கடிக்காது. பொட்டலம், இரண்டு வடை, ஒரு தேத்தண்ணி என்று நான்கு பேர் பசியாறினாலும், இலைக் கடையில் ஓர் ஆளுக்கு மீனும் ஆட்டுக்கறியும் சேர்ந்தால் வரும் தொகையைத் தாண்டிப் பெரிதாகப் போகாது.

குறை இல்லாமல் இல்லை. உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால் அதிர்ஷ்டம். கழிப்பறை கிடையாது, நீண்ட பயணத்தில் வயதானவர்களோடு போகும்போது இது சின்ன விஷயம் இல்லை. மழை வந்தால் குடைக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அறிவிப்பே இல்லாமல் கடை இருக்காது.

மாமாக் கடையிடம் இந்தக் குறை எதுவும் இல்லை. கழிப்பறை உண்டு, மின்விசிறி உண்டு, இரவிலும் ஆள் உண்டு. ரொட்டி சானாய், நாசி லெமாக் போன்றவற்றோடு எல்லா இனத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து பசியாறும் மலேசியப் பழக்கத்தை 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் மாமாக் கடைக்காரர்களின் பங்கு பெரியது. பிள்ளைகள் பின் இருக்கையில் அழுதுகொண்டிருந்தால் இங்கேதான் போக வேண்டும். மாவை வீசுவதை வேடிக்கை பார்த்தே அமைதியாகிவிடும். ஒரே கவனம்: முன்னமே சுட்டு அடுக்கி வைத்த ரொட்டியை வாங்காதீர்கள், செருப்புத் தோல் மாதிரி இழுக்கும். "அண்ணே, சூடா ரெண்டு கோசோங், கறி பஞ்சிர்" (வெறும் ரொட்டி இரண்டு, மேலே கறி நிறைய) என்று சொல்லிக் காத்திருங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் எந்தக் கறியை ஊற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பருப்புக் கறி என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

ஆனால் இந்த ரொட்டியையும் இந்தத் தே தாரிக்கையும் ரவாங்கிலும் சாப்பிடலாம், பட்டர்வொர்த்திலும் சாப்பிடலாம். எங்கே போனாலும் ஒரே ருசி என்பது ஒருவகையில் ஆறுதல்தான். அதற்காக நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வரத் தேவையில்லை.

கோப்பிக் கடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அரைவேக்காட்டு முட்டையில் சோயாவும் வெள்ளை மிளகும் தூவி, காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டியோடு சாப்பிடுவது யாருக்கும் ஒத்துக்கொள்ளும். காப்பிதான் உங்கள் குறி என்றால், மார்ஜரின் போட்டு வறுத்த கொட்டையில் வெள்ளைக் காப்பி போடும் ஈப்போ பழைய நகரத்திலேயே குடித்துவிட்டு வாருங்கள்.

ஆக, கோலாலம்பூரிலிருந்து இருட்டோடு கிளம்பி ஒன்பதுக்குள் இங்கே வந்துவிட முடிந்தால் ஒட்டுக்கடை. பதினொன்றுக்கு மேல் வந்தால், ஓட்ட இன்னொருவர் இருந்தால், இலை. பிள்ளைகளோடு வந்தால், அல்லது இரவில் திரும்பி வரும்போது, மாமாக் கடை. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் வருகிறவர்தான் பாவம்: ஒட்டுக்கடையில் சட்டி காலி, இலைக் கடையில் சோறு இன்னும் வேகவில்லை. அவர் கோப்பிக் கடையில் ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்தபடி இலை விரிக்கும் வரை உட்கார்ந்திருக்கலாம். அதற்கும் பொறுமை இல்லை என்றால், கோழிப் பெரட்டல் எப்போது இறக்குவார்கள் என்று இலைக் கடையில் முதலில் கேளுங்கள். இறக்கியதும் சோற்றோடு தப்பாவ் (பொட்டலம்) கட்டிக்கொண்டு கிளம்பலாம். ரசத்தைத் தனிப் பையில் இரட்டை முடிச்சுப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கார் இருக்கையில் கொட்டினால் பினாங்கு வரை மிளகு வாசம்தான்.