வேலூர் வெயிலில் பை கிரஸ்ட்: வெண்ணெயா, நெய்யா, டால்டாவா?

வேலூரில் மாம்பழம் வரும் காலமும் 40 டிகிரி வெயில் காலமும் ஒன்றுதான். மாம்பழ பை, அதாவது கிரஸ்ட் எனும் மைதா மாவு உறைக்குள் பழத்தை வைத்துச் சுடும் இனிப்பு, செய்ய ஆசை வரும் மாதத்தில்தான் மாவு கைக்கு அடங்காது. குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் வெண்ணெயைத்தான் சொல்கின்றன. நம் ஊர்க் கோடையில், வாயில் போட்டதும் உதிர்கிற மென்மையான கிரஸ்ட் வேண்டுமென்றால் என் ஓட்டு நெய்க்கு.

காரணம் தண்ணீர். கடையில் வாங்கும் வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குச் சற்று மேல். மீதியில் பெரும்பங்கு தண்ணீர்தான். வெண்ணெய் சின்னச் சின்னக் கட்டியாகவே மாவுக்குள் இருந்தால், அந்தத் தண்ணீர் ஓவனில் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கும். அந்த அடுக்கு நெய்யில் வராது, உண்மைதான். ஆனால் மே மாத மதியத்தில் வெண்ணெய் பிசறும்போதே உருகிவிடுகிறது. உருகினால் அதிலுள்ள தண்ணீர் மைதாவில் சேர்ந்து குளுட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) பிடித்து, கிரஸ்ட் பரோட்டா மாதிரி இழுக்கும். நெய்யில் தண்ணீர் ஏறக்குறைய இல்லை. உருகினாலும் மைதாத் துகளைச் சுற்றிப் படிந்துகொள்ளும். அப்புறம் விடும் தண்ணீரால் அவ்வளவாகக் குளுட்டன் பிடிக்காது. ஆற்காடு மக்கன் பேடாவுக்கு மைதா, கோவாவோடு நெய் சேர்த்து அழுத்தாமல் பிசைகிறார்களே, அந்த மென்மையும் இப்படி வருவதுதான்.

டால்டா வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், தேய்க்கவும் சுலபம். ஆனால் மணம் கிடையாது, சாப்பிட்டபின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீத வரம்பு இருக்கிறது என்றாலும் நல்ல மாம்பழத்தை அதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் மாவு மென்மையாக வரும், தேய்த்தால் உடையும். தட்டில் கையால் அழுத்திப் பரப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அளவில் ஒரு விஷயம். 200 கிராம் மைதாவுக்கு வெண்ணெய் 120 கிராம் என்றால் நெய் 100 கிராம் போதும். நெய்யை ஃப்ரிட்ஜில் உறையவைத்து, மைதாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, ரவை மாதிரி ஆகும்வரை விரல் நுனியால் பிசறுங்கள். ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு, மாவு சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையவே கூடாது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் தேயுங்கள். தட்டில் பரப்பியதும் பட்டர் பேப்பர் போட்டு, மாவு உப்பாமல் இருக்க மேலே காய்ந்த கொண்டைக்கடலையை நிரப்பி ஓவனில் 200 டிகிரியில் 15 நிமிடம். அப்புறம் கடலையை எடுத்துவிட்டு, பொன்னிறமாகும்வரை இன்னும் கொஞ்ச நேரம்.

மார்கழிக் காலையில் செய்வதாக இருந்தால் மட்டும் தயங்காமல் உப்பில்லாத வெண்ணெய்க்கு மாறிவிடுங்கள்.