ஹாகி தேநீர்க் கிண்ணம்: தருமபுரித் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்குமா?

ஜப்பானியத் தேநீர்க்காரர்கள் மண் கிண்ண வகைகளுக்கு ஒரு தரவரிசை வைத்திருக்கிறார்கள்: முதலில் ராகு, அடுத்தது ஹாகி, மூன்றாவது கராட்சு. இங்கே பார்க்கப்போவது ஹாகி. யாமகுச்சி மாகாணத்து ஹாகி ஊரில் கையால் வனைந்து, விறகுச் சூளையில் சுட்ட மாச்சா (பச்சைத் தேயிலைத் தூள்) கிண்ணம். வாய் அகலம் 14 செ.மீ., உயரம் 8 செ.மீ., எடை 330 கிராம் சொச்சம். அனுப்புகூலி, சுங்கவரி எல்லாம் சேர்ந்து ஓசூர் வாசலுக்கு வரும்போது விலை 14,000 ரூபாயைத் தொடுகிறது.

பெட்டியைப் பிரித்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம், சந்தையில் பானை வாங்குகிற பழக்கத்தில் விரலால் சுண்டிப் பார்ப்பதுதான். ஹாகி கிண்ணம் "டங்" என்று ஒலிக்காது, "டப்" என்றுதான் கேட்கும். விரிசல் விட்ட சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இந்த மண் சூளையில் முழுதாக உருகி இறுகுவதில்லை. உள்ளே நுண்ணிய துளைகள் அப்படியே இருப்பதால் ஒலி அமுங்கிப்போகிறது. உண்மையான விரிசலைக் கண்டுபிடிக்க வேறு வழி உண்டு. மேலே வலைபோலத் தெரியும் மெல்லிய கோடுகள் கிளேஸில், அதாவது மண்ணின்மேல் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சில், மட்டும் ஓடுபவை. சூடு ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் வருபவை, அவை குறையல்ல. ஒரே கோடு உள்பக்கமும் வெளிப்பக்கமும் நேருக்கு நேர் தெரிந்து, கிளேஸ் இல்லாத அடிப்பகுதி வரை இறங்கினால் மட்டும் விரிசல்.

மண்ணின் கலவைதான் இதன் குணத்துக்கெல்லாம் காரணம். மணல் கலந்த வெளிறிய டைடோ மண் அடிப்படை. சூட்டைத் தாங்க மிடாகே மண்ணும், நிறத்துக்கு மிஷிமா தீவின் இரும்புச்சத்துள்ள சிவப்பு மண்ணும் தேவைக்கேற்பச் சேர்ப்பார்கள். ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1592 முதல் 1598 வரை கொரியாமீது நடத்திய படையெடுப்புகளில் கொண்டுவரப்பட்ட கொரியக் குயவர்கள் தொடங்கிவைத்த மரபு இது. வடிவத்தில் கொரியச் சாயல் இன்றும் அப்படியே இருக்கிறது.

கிண்ணத்தைக் கவிழ்த்தால்தான் கைவேலை தெரியும். பாதி காய்ந்து, நகம் வைத்தால் தடம் விழுகிற பதத்தில் அடிவளையத்தைச் செதுக்குகிறார்கள். அப்போது கருவி மணலை இழுத்துக்கொண்டு போவதால் மண்ணில் சின்னச் சின்னச் சுருக்கங்கள் விழுகின்றன. ஈரம் அதிகமென்றால் மண் கருவியோடு ஒட்டி இழுபடும். காய்ந்துவிட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்து வழவழவென்று போய்விடும். இந்தக் கிண்ணத்தில் சுருக்கம் வளையம் முழுக்க ஒரே சீராக விழுந்திருக்கிறது, தேர்ந்த கைதான். வளையத்தில் ஒரு இடத்தில் கத்தியால் வெட்டிய பிளவு இருக்கிறது, ஹாகியின் அடையாளம் அது. ஆனால் பிளவின் ஒரு ஓரத்தை மழுக்காமல் விட்டிருக்கிறார்கள், நகத்தில் மாட்டுகிறது. மர மேசையில் வைத்தால் கீறும். 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். இந்த விலைக்கு அதை அவர்களே செய்திருக்கலாம்.

அடிவளையத்துக்கு மேலே கிளேஸ் படாத மூன்று நீள்வட்டப் புள்ளிகள். கிண்ணத்தின் அடியை விரல்களால் பிடித்துக்கொண்டு கிளேஸ் கரைசலில் முக்கியபோது விரல் மறைத்த இடங்கள் அவை. நம் விரலை அதே இடத்தில் வைத்தால் பிடி கச்சிதமாக அமைகிறது.

உள்பக்கம் முக்கியம். கிண்ணத்தின் அடி குறுகலாக இருந்தால் மாச்சாவை நுரைக்கக் கடையும் மூங்கில் கடைகோலின் இழைகள் பக்கவாட்டில் இடித்து ஒடியும். இதில் அடி அகலமாகத்தான் இருக்கிறது. பழைய பருத்தித் துணியை உள்ளே சுழற்றினால் நூல் எங்கும் மாட்டவில்லை, அதாவது துருத்தும் மணல் கிடையாது. வாய் விளிம்பு 4 மி.மீ. கனம், லேசாக உள்வாங்கியிருப்பதால் குடிக்கும்போது நுரை வழியாது.

இனி தண்ணீருக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்வெல் தண்ணீர் எப்படி என்று கெட்டிலின் அடியில் படியும் உப்பைப் பார்த்தாலே தெரியும். அதே உப்பு கிளேஸ் கோடுகளுக்குள் இறங்கினால் வெள்ளையாகப் படிந்துவிடும், வெளியே எடுப்பது கஷ்டம். எலுமிச்சை, வினிகர், புளி எதைத் தேய்த்தாலும் புளிப்பு கிளேஸையும் சேர்த்து அரிக்கும். பித்தளைச் சொம்புக்குச் செய்யும் வைத்தியம் இதற்குக் கூடாது. ஃபுளோரைடு தொல்லைக்காக ஜைக்கா (ஜப்பான் அரசின் உதவி அமைப்பு) கடனுதவியில் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே போதும். ஜப்பான் பணத்தில் வந்த தண்ணீர் ஜப்பான் கிண்ணத்துக்கும் ஒத்துப்போகிறது! குளோரின் வாசனை அடித்தால் கொதிக்கவைத்து ஆற வையுங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் சரிதான்.

முதல் உபயோகத்துக்கு முன் துளை அடைக்க வேண்டும். ஆனால் எல்லாக் கிண்ணத்துக்கும் அல்ல. அடிவளையத்தின் வெறும் மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அடைக்க வேண்டும். முத்தாக நின்றால் பட்டறையிலேயே நீர்க்காப்புப் பூசிவிட்டார்கள், சும்மா விடுங்கள். இந்தக் கிண்ணம் உறிஞ்சுகிறது.

பெரிய பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, கிண்ணத்தை வைத்து, மூழ்கும் அளவுக்கு அரிசியை இரண்டாவது முறை கழுவிய தண்ணீர் ஊற்றுங்கள். கழுநீர் இல்லையென்றால் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு. குளிர்ந்த நிலையிலேயே அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் லேசாகக் குமிழி வரும்வரை கொண்டுவந்து, 15 நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். அதே தண்ணீரிலேயே முழுக்க ஆற வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் குளிர்ந்த கிண்ணத்தை இறக்கினால் பிளந்துவிடும். தளதளவென்று கொதித்தால் அடியில் மோதி விளிம்பு சிதறும். கேழ்வரகுக் கஞ்சியில் முயற்சி செய்யாதீர்கள், வெளிறிய மண்ணில் பழுப்புக் கறை நிரந்தரமாக நின்றுவிடும். பிறகு வழவழப்பு போகக் கழுவி, நிழலில் மூன்று நாள் கவிழ்க்காமல் சாய்த்துக் காய வையுங்கள்.

அதற்குப் பிறகும் தொடக்கத்தில் அடியில் ஈரம் கசியும், புதுப் பானை மாதிரிதான். தேநீர் கோடுகளில் இறங்க இறங்கக் குறையும். வெளிர் நிறமும் மெல்ல மாறும். இந்த மாற்றத்துக்காகவே "ஹாகியின் ஏழு மாற்றம்" என்று சொல்லி வாங்குகிறவர்கள் உண்டு. மாற்றம் சீராக வர ஒரு நிபந்தனை: ஒவ்வொரு முறையும் கிண்ணத்தை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். வறண்ட கிண்ணத்தில் நேராக மாச்சா ஊற்றினால் மண் அதை ஒரே இடத்தில் குடித்துவிட்டுத் திட்டுத்திட்டாகக் கறையாகும்.

அளவு: சலித்த மாச்சா 2 கிராம், 80 டிகிரித் தண்ணீர் 70 மி.லி. கனமான சுவர் என்பதால் குடித்து முடிக்கும்வரை சூடு நிற்கிறது, கையும் சுடுவதில்லை. இந்த விஷயத்தில் மெல்லிய பீங்கான் இதனிடம் நெருங்க முடியாது.

பால் டீ, பாயசம், தயிர் எதுவும் இதில் கூடாது. கொழுப்பு துளைக்குள் போய்ச் சிக்கு வாடை அடிக்கும், போகவே போகாது. பாத்திரம் கழுவும் சோப்பும் அப்படித்தான், அடுத்த மாச்சாவில் எலுமிச்சை வாசனை வரும். வெந்நீரும் விரலும் போதும். ஓசூர் தூறல் நாட்களில் அரைகுறையாகக் காய்ந்த கிண்ணத்தை மரப்பெட்டியில் மூடினால் அடிவளையத்தில் பூசணம் பிடிக்கும். கிரானைட் மேடையில் நேராக வைக்காமல் கீழே ஒரு துணி போடுங்கள். கிருஷ்ணகிரிக் கல்லுக்கு முன்னால் இந்த மண் ஒன்றுமில்லை.

மாச்சா கடைந்து குடிக்கும் பழக்கம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். காட்சிக்கு வைக்க மட்டும் இவ்வளவு செலவு தண்டம். ஆன்லைனில் தேடும்போது அடிவளையத்தின் படம் போடாத விற்பனையாளரை விட்டுத் தள்ளுங்கள், கேட்டும் அனுப்பவில்லையென்றால் நிச்சயமாக. "ராகு" என்ற பெயரில் மலிவாக வரும், மரத்தூளில் புகைபோட்டுக் கருக்கிய கிண்ணங்கள் அமெரிக்காவில் உருவான முறையில் செய்தவை. அவற்றில் பல அலங்காரத்துக்குத்தான், குடிக்க உகந்தவையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.