சதுப்பு நிலத்தை அண்டிய வீட்டுக் காணிகள்: அனுமதிக் கடிதத்தின் முதற்பக்கத்தை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்

கொழும்புக்குத் தெற்கே, வேரஸ் கங்கைப் படுகையில், பெல்லன்வில–அத்திடிய சரணாலயத்தை அண்டிய பகுதிகளில் துண்டு பிரித்து விற்கப்படும் காணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு விற்ற நிறுவனத்தின் பெயரைச் சட்டத்தரணியின் ஆலோசனைப்படி இங்கே குறிப்பிடவில்லை. ஏமாற்றிய முறையை விளக்கமாகச் சொல்வதே வாங்குபவர்களுக்கு அதிகம் பயன்படும்.

எனக்குக் காட்டப்பட்டது எட்டுப் பேர்ச் துண்டு. விற்பனை அலுவலகத்தில், உத்தியோகபூர்வ இலச்சினையுடன் கூடிய ஒரு சிங்களக் கடிதத்தின் முதற்பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். துண்டு பிரிப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று விற்பனைப் பிரதிநிதி அதற்கு விளக்கம் சொன்னார். பிரதி கேட்டபோது, அது நிறுவனத்தின் உள் ஆவணம் என்று மறுத்துவிட்டார்கள். நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்த்து, உரித்தில் வில்லங்கம் எதுவும் இல்லை என்றார். அது உண்மைதான். இன்றும் அந்த நிறுவனம் சொல்லும் ஒரே பதில், “காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு குறையும் இல்லையே” என்பதுதான். ஆனால் காணி யாருக்குச் சொந்தம் என்பது வேறு, அதில் வீடு கட்டலாமா என்பது வேறு. முதலாவதை உறுதிப் பத்திரம் சொல்லும், இரண்டாவதை நகரத் திட்டமிடல் கோப்பு மட்டுமே சொல்லும்.

கட்டட வரைபடத்துக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கோப்பின் பிரதியைக் கோரிப் பெற்றேன். கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி. அதாவது, நிபந்தனைகள் நிறைவேறினால் துண்டு பிரிப்பைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லும் தொடக்க நிலைக் கடிதம். நிபந்தனைகள் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. தாழ்ந்த பகுதியை இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியின்றி நிரப்பக் கூடாது. கால்வாயை ஒட்டி ஒதுக்கிவைக்கப்பட்ட நிலப்பட்டையைத் துண்டுகளுக்குள் சேர்க்கக் கூடாது. கிழக்கு ஓரத்தை மழைநீர் தேங்கும் இடமாக விட்டுவைக்க வேண்டும். நான் பணம் கட்டிய துண்டு அந்தக் கிழக்கு ஓரத்தில்தான், புதிதாகக் கொட்டிய கிரவலின் மேல், எல்லைக் கற்களோடு இருந்தது.

கோப்பில் என்னை அதிகம் சினமூட்டியது வேறொன்று. பிரிக்கப்படும் காணி ஒரு ஹெக்டேயரை, அதாவது ஏறத்தாழ 395 பேர்ச்சை மீறினால், அதில் பத்து வீதத்தைப் பொதுத் திறந்த வெளிக்காக ஒதுக்க வேண்டும் என்பது திட்டமிடல் விதி. இங்கே ஒரே காணி, ஒரே நில அளவையாளரால், ஒரே திகதியில், ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேயருக்குச் சற்றுக் குறைவான தனித்தனி வரைபடங்களாக அளக்கப்பட்டுத் தனித்தனி விண்ணப்பங்களாகச் சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. விளம்பரத் தாளிலோ எல்லாம் சேர்ந்து ஒரே குடியிருப்பு. நடுவில் சிறுவர் பூங்காவும் உண்டு. எந்த வரைபடத்திலும் அந்தப் பூங்கா இல்லை. நீர்ப்பறவைகளைப் பார்த்தபடி காலைத் தேநீர் அருந்தலாம் என்றும் அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பறவைகளின் இடத்தில்தான் கிரவல் கொட்டப்பட்டிருந்தது.

இந்த நிபந்தனைகளை அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். கொழும்பின் மழைவெள்ளம் கடலுக்கு வடியும்வரை தங்குவதற்கு இந்தச் சதுப்பு நிலங்களே இடம் கொடுக்கின்றன. ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், 2018இல் நகரத்துக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததும் இவற்றால்தான். களனி ஆறு பெருகிய 2016 மே மாதத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கிக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒருவர் தம் துண்டை நிரப்பி உயர்த்தினால், அங்கே நிற்க வேண்டிய நீர் அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும்.

ஆகவே முற்பணம் கொடுப்பதற்கு முன்பே, அனுமதிக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும், இறுதி அங்கீகார முத்திரையும் கையொப்பமும் இடப்பட்ட நில அளவை வரைபடத்தையும் கேளுங்கள். முத்திரை வரைபடத்தின் மீதே இருக்க வேண்டும். கடிதம் அதற்கு ஈடாகாது. கோப்பு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, உள்ளூராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவில் நேரில் சரிபாருங்கள். அங்கே விவரம் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த மன்றத்தின் தகவல் அதிகாரியிடம் எழுத்தில் கோருங்கள். கொடுப்பதா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் தெரிவிக்க வேண்டும். நொத்தாரிசிடம் உரித்தை மட்டுமன்றித் திட்டமிடல் நிலையையும் எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். காணியைக் கடும் மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். புதுக் கிரவலின் விளிம்பில் சம்பும் கோரையும் நின்றால், பக்கத்து மதிலில் நீர்க்கறை படிந்திருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பித் தருமாறு அனுப்பிய கோரிக்கைக் கடிதத்துக்கு நிறுவனம் இன்னும் பதில் அளிக்கவில்லை. வழக்குத் தொடர ஆயத்தம் நடக்கிறது. இதற்கிடையில், அதே கிழக்கு ஓரத்தில் எஞ்சிய துண்டுகள் “இரண்டாம் கட்டம்” என்ற பெயரில், சற்றுக் குறைந்த விலைக்கு மீண்டும் விளம்பரப்படுத்தப்படுகின்றன.