மரணக் கிணற்றின் பலகைகள்: ஒரு நலிந்த பொருட்காட்சியில் இரண்டு மாலைகள்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு மைதானத்தில், மாசி மாதக் கடைசியில் கூடாரம் அடித்திருந்த ஊர் சுற்றும் பொருட்காட்சி ஒன்றுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை சென்று வந்தேன். முதல் முறை பேரனின் பிடிவாதத்துக்காகப் போனேன். இரண்டாம் முறை ஒரு பலகையைப் பார்ப்பதற்காகப் போனேன். நடத்துபவர்களின் பெயரையும் மைதானத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. சொல்ல வேண்டிய குறைகள் பல இருக்கின்றன. அவற்றுக்கான சுமையோ கடைசியில் அங்கே நாள் கூலிக்கு நிற்பவர்களின் தலையில்தான் விழும்.

நுழைவுச் சீட்டு நாற்பது ரூபாய். வளைவில் கட்டியிருந்த வண்ண விளக்குகளில் பாதி எரியவில்லை. ராட்சச ராட்டினத்தின் பதினாறு தொட்டிகளில் ஐந்தைக் கயிற்றால் கட்டி, யாரும் ஏறாதபடி ஒதுக்கி வைத்திருந்தார்கள். மீதியுள்ள தொட்டிகளின் கதவுக் கொக்கிகளை உற்றுப் பார்த்தேன். கடற்காற்றுப் பட்ட இரும்பு எப்படிப் பொரிந்து உதிரும் என்பது இந்த மாவட்டத்தில் சன்னல் கம்பி வைத்து வீடு கட்டிய எவருக்கும் தெரிந்ததுதான். கொலம்பஸ் கப்பலில் மடியை அடைத்து நிற்க வேண்டிய குறுக்குக் கம்பி ஒன்று பூட்டாமல், துணிக் கயிற்றால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. பேரனை இரண்டிலும் ஏற்றவில்லை. டிராகன் ரயில் மட்டும் தரையோடு தரையாக, சைக்கிளை விடவும் மெதுவாக ஓடியதால் அதற்கு அனுமதித்தேன். ஒன்பது வயதுக்காரனுக்கு அது அவமானமாக இருந்திருக்கும் என்பது இறங்கியபோது அவன் முகத்தில் தெரிந்தது. டெல்லி அப்பளம் நன்றாக இருந்தது. மிளகாய் பஜ்ஜி பொரித்த எண்ணெயின் நிறத்தைப் பார்த்தவர்கள் அதை வாங்க மாட்டார்கள்.

இத்துடன் நின்றிருந்தால் இதைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். மைதானத்தின் பின்கோடியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், மரணக் கிணறு நின்றுகொண்டிருந்தது. குழித்துறையில் ஆடி அமாவாசையை ஒட்டி நடக்கும் வாவுபலி பொருட்காட்சியில், அப்பாவின் தோள் மேல் உட்கார்ந்து நான் முதன்முதலாகப் பார்த்த வேடிக்கை அதுதான். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரக்கடை நடத்தியிருக்கிறேன். ஆகவே இந்த முறை அதை வெளியிலிருந்தே ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் சீட்டு வாங்கினேன். அறுபது ரூபாய், மொத்தப் பொருட்காட்சியிலும் அதிகக் கட்டணம் இதற்குத்தான்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். செங்குத்தான பலகைகளை வட்டமாக நிறுத்திக் கட்டிய, ஏறத்தாழ முப்பது அடி விட்டமும் இருபத்தைந்து அடி உயரமும் கொண்ட ஒரு பெரிய மரத்தொட்டி அது. அடியில் தரைக்கும் சுவருக்கும் இடையே சரிவான பலகை வளையம் ஒன்று உண்டு. வண்டி முதலில் தரையில் சுற்றி, பிறகு சரிவில் ஏறி, வேகம் கூடியதும் சுவருக்குத் தாவும். மேல் விளிம்பைச் சுற்றியுள்ள மாடத்தில் நின்று, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல நாம் குனிந்து பார்க்க வேண்டும். சுவர் முழுவதும் தனித்தனிப் பகுதிகளாகச் செய்யப்பட்டு, போல்ட்டுகளாலும் வெளிப்புறத்தில் இறுக்கிய கம்பி வடங்களாலும் இணைக்கப்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் கழற்றி, லாரியில் ஏற்றி, அடுத்த ஊரில் மறுபடியும் பூட்டுகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் மரம் பல நூற்றாண்டுகளாக நிற்கிறது என்றால், அதன் மேல் ஓடு வேய்ந்த கூரை இருக்கிறது, அதை யாரும் கழற்றிப் பூட்டுவதில்லை. வெயிலையும் மழையையும் லாரி ஆட்டத்தையும் சேர்த்து வாங்கும் மரத்துக்கு ஆயுள் மிகவும் குறைவு. இந்தக் கிணற்றில் ஒரே இன மரம் இல்லை என்பதைப் பார்த்தவுடன் கண்டுகொண்டேன். கிடைத்த ஊரில் கிடைத்த பலகையை வைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆனால் ஒட்டுப்போட்ட கை தேர்ந்த ஆசாரியின் கை. மரத்தின் ரேகை எல்லா இடத்திலும் நெட்டு வாக்கில்தான் நின்றது, ஓர் ஆணித் தலையும் உள்ளே துருத்தவில்லை.

நாங்கள் மாடத்தில் ஏறி நின்ற சிறிது நேரத்தில் கோடை மழை ஒன்று பத்து நிமிடம் பெய்து விட்டது. காட்சி நின்றுபோனது. பார்வையாளர்கள் சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சீட்டுக் கொடுப்பவர் தர மறுத்துவிட்டார். மழைக்குக் காட்சி நின்றால் பணம் உண்டா, இல்லையா என்பதை ஒரு தட்டியில் எழுதி வைத்திருந்தால் அந்தச் சச்சரவு நடந்திருக்காது. ஆனால் காட்சியை நிறுத்தியது முழுக்கச் சரி. சுவரில் ஓடும் வண்டியைக் கீழே விழாமல் பிடித்து வைப்பது டயருக்கும் பலகைக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே. வட்டத்தின் ஆரம் நாலரை மீட்டர், உராய்வுக் கெழு (பிடிப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்) 0.7 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் வண்டி வழுக்கும். அவர்கள் 35 முதல் 40 வரை ஓட்டுகிறார்கள். அந்த வேகத்தில் ஓட்டுபவரைச் சுவர் அழுத்தும் விசை அவருடைய எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நனைந்த பலகையில் உராய்வு பாதியாகக் குறைந்தால், வழுக்காமல் இருக்கவே நாற்பது கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்றாகிவிடும். வழக்கமான வேகத்துக்கும் விபத்துக்கும் இடையே இருந்த இடைவெளி பத்து நிமிட மழையில் காணாமல் போகிறது. ஆகவே மூன்று பேர் சாக்கையும் பழைய வேட்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கி, சரிவு வளையத்தையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் துடைத்து, ஏணி போட்டு மேற்பகுதியையும் துடைத்து, அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் காற்றில் காய விட்டார்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. மரக் கிணறு வைத்துப் பிழைப்பவர்களுக்கு இங்கே கிடைக்கும் உலர்ந்த மாலைகள் எத்தனை என்பதைக் கணக்குப் போட்டால், அப்படி ஒரு தட்டி ஏன் வைக்கப்படவில்லை என்பதும் ஓரளவுக்குப் புரிகிறது.

காட்சி ஒருவழியாகத் தொடங்கியபோது எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர்தான் மாடத்தில் மிஞ்சியிருந்தோம். முதலில் இரண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிகள் இறங்கின. 1985 முதல் 1996 வரை மட்டுமே இந்தியாவில் உற்பத்தியான வண்டி அது. எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும், ஆக்சிலரேட்டரைத் திருகிய மறுகணமே இழுக்கும் இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம். சுவரில் வேகம் குறைவதற்கு அரை வினாடி அவகாசம்கூட இல்லாத தொழிலுக்கு இந்தக் குணம்தான் வேண்டும். இப்போது அதே வண்டியைச் சேகரிப்பாளர்கள் ஆசைப்பட்டு வாங்குவதால் விலை ஏறி, கிணற்றுக்காரர்களுக்கு உதிரி பாகம் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. அதற்குப் பிறகு சைலன்சர் கழற்றிய ஒரு மாருதி 800 ஏறியது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் கார், மூன்று வினாடிக்கு ஒரு சுற்று வீதம் நம் முழங்காலுக்குக் கீழே பாய்ந்து போகிறபோது, மாடம் முழுவதும் அலைபோல அசைகிறது. பேரன் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. டிராகன் ரயிலின் அவமானம் அத்துடன் தீர்ந்தது.

அந்த அசைவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாடம் ஆடியதும் பக்கத்தில் நின்ற ஒரு தம்பதியர் பயந்துபோய் இறங்கிவிட்டார்கள். மரத்தாலான அமைப்பு ஆடுவது தன்னளவில் ஆபத்தின் அடையாளம் ஆகாது. ஆடாமல் விறைத்து நிற்கும் மரம்தான் வெடிக்கும். மகன் வீட்டுக்கு மெல்போர்ன் போயிருந்தபோது, செயின்ட் கில்டா கடற்கரையில் உள்ள லூனா பார்க்கில், 1912-இல் கட்டிய மர ரோலர் கோஸ்டரில் ஒருமுறை ஏறினேன். சீனிக் ரயில்வே என்பது அதன் பெயர். வண்டியில் பயணிகளுக்கு நடுவே ஒருவர் நின்றுகொண்டே வந்து, வளைவுக்கு வளைவு கையால் பிரேக் பிடிக்கிறார். மேடு ஏறும்போது சட்டகம் முழுவதும் முனகி நெகிழ்ந்து கொடுப்பதைக் காலடியில் உணர முடிந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அல்டூனா என்னும் ஊரில் அதைவிடவும் பழையது ஒன்று இருக்கிறது. லீப் தி டிப்ஸ் என்னும் அந்த மர ரோலர் கோஸ்டரை 1902-இல் கட்டினார்கள். உயரம் 41 அடிதான். 1985-இல் மூடப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு 1999-இல் மறுபடியும் ஓடியது. நம் மரணக் கிணற்றுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். 1910-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே பிளாயா டெல் ரேயில் பலகை பாவிய வட்ட ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் தொடங்கியது. அந்தப் பலகை வட்டங்கள் சில ஆண்டுகளுக்குள் சுருங்கிச் சுருங்கி, சுவர் நிமிர்ந்து நிமிர்ந்து, திருவிழா வேடிக்கையாக மாறின. மரத்தால் ஆன இந்த வேடிக்கைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது விதி உண்டு. தினமும் யாராவது ஸ்பேனரும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு முழுதும் நடந்து, தட்டிப் பார்த்து, இறுக்கியாக வேண்டும். கூட்டம் குறைந்தால் முதலாளி முதலில் குறைப்பது அந்த ஆளைத்தான். இந்தப் பொருட்காட்சியின் ராட்டினத்திலும் கப்பலிலும் அது நடந்துவிட்டது. கிணற்றில் மட்டும் இன்னும் நடக்கவில்லை.

காட்சி முடிந்ததும் அந்த ஆளைத் தேடிப் போனேன். தென்காசிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். ஓட்டுகிற பையன்கள் இருவரும் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். முன்பு கிணற்றுக்கு மட்டும் எட்டுப் பேர் இருந்தார்களாம், இப்போது ஓட்டுபவர்களையும் சேர்த்து ஐந்து பேர். நுழைவாயிலிலிருந்து மூன்றாவது பகுதியில், தலையளவு உயரத்தில், ஒரு பலகையில் கணுவை ஒட்டி நெடுக வெடிப்பு ஓடியிருப்பதை வெளியே சுற்றியபோதே கவனித்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "தெரியும் அண்ணாச்சி, நேத்து லாரியில இறக்கும்போது விட்டிருக்கு. சத்தம் மாறுதான்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேல் ஒரு கோடு கிழித்தார். கேட்டுப் பார்த்து ஓட்டுவது போதாது, மாற்ற வேண்டும் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அயனிப் பலகை வேண்டுமென்றால் எந்த அறுவை மில்லில் கிடைக்கும் என்றும் சொன்னேன். வள்ளம் கட்டும் மரம் அது, நனைந்து காய்வதற்குப் பழகியது.

கிணற்றிலும் குறைகள் இருக்கின்றன. மாடத்தின் கைப்பிடிச் சட்டம் இரண்டு இடங்களில் தளர்ந்திருக்கிறது. ஓட்டுபவர்கள் தலைக்கவசம் அணிவதில்லை. பார்வையாளர்கள் நீட்டும் ரூபாய் நோட்டை ஓடும் வண்டியிலிருந்து கைநீட்டிப் பறிப்பது பழைய வழக்கம்தான், கைத்தட்டலும் அதற்குத்தான் அதிகம். ஆனால் அதற்காகப் பிள்ளைகள் இடுப்பளவுக்கு உள்ளே தொங்குவதைத் தடுக்க அங்கே ஒருவரும் இல்லை. பாதுகாப்புச் சான்றிதழின் நகல் எந்த இடத்திலும் ஒட்டப்படவில்லை. கேட்டதற்கு அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள், அலுவலகம் என்று காட்டிய கூடாரம் பூட்டியிருந்தது. புகை மேலே வந்து அடைப்பதால் மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் ஏறக் கூடாது. சிறு குழந்தைகளின் காதில் பஞ்சு வைத்துவிடுங்கள்.

நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில், தனியாகப் போனேன். கொலம்பஸ் கப்பலில் அதே துணிக் கயிறு இருந்தது. கிணற்றின் மூன்றாவது பகுதியில் மட்டும், பல ஆண்டு டயர் தேய்ப்பில் கறுத்துப் போன பலகைகளுக்கு நடுவே, ஒரு பலகை புது மஞ்சளாகத் தெரிந்தது. அயனியேதான். விளிம்பை இழைத்துப் பக்கத்துப் பலகையோடு மட்டமாக்கியிருந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தபோது இணைப்பு தட்டுப்படவில்லை. மாடத்தில் அன்று நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். மாருதி இரண்டு சுற்று முடிப்பதற்குள் அந்த மஞ்சளின் குறுக்கே முதல் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது.

பங்குனி பத்தாம் தேதி வரை மைதானத்தில் இருப்பார்கள் என்று சொன்னார்கள். போகிறவர்கள் மழை இல்லாத மாலையில், ஏழு மணிக் காட்சிக்குப் போங்கள். மாடத்தில் ஏணிக்கு எதிர்ப்புறம் நின்றால் கைப்பிடி உறுதியாக இருக்கிறது. ராட்டினத்துக்கும் கப்பலுக்கும் சீட்டு வாங்க வேண்டாம்.